ஸ்டாஃப் ஏன் இப்படி ஓய்ஞ்சு போறாங்க, இன்சார்ஜும் என்.எஸ்.ஸும் என்ன செய்யலாம்

ஒரு சிஸ்டர் கேட்ட கேள்வி இது. 150 பெட் உள்ள தனியார் ஆஸ்பத்திரில புதுசா நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டா (என்.எஸ்) பொறுப்பு எடுத்திருக்காங்க, ஸ்டாஃப் எல்லாம் சுத்தமா ஓய்ஞ்சு போயிருக்காங்களாம், மாசம் ரெண்டு மூணு பேர் பேப்பர் போடுறாங்களாம், மேனேஜ்மென்ட் என்னடான்னா ஞாயித்துக்கிழமைல ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட் கிளாஸ் வைங்கன்னு சொல்லுதாம், இது வேலைக்கு ஆகுமா, ஒரு என்.எஸ்.ஸா என்னால என்னதான் பண்ண முடியும்னு கேட்டிருக்காங்க.

சிஸ்டர், நான் வார்டு, ஐசியூ, அப்புறம் நர்சிங் ஆபீஸ்னு எல்லா பக்கமும் இருந்தவ, இப்போ வார்டுப் பொறுப்பு எடுத்து இன்சார்ஜா வர்றவங்களுக்கு டிரெய்னிங் எடுக்கிறேன், அதனால இது எனக்கு ரொம்ப மனசுக்கு நெருக்கமான விஷயம், கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல கிளாஸ் விஷயத்துக்கு நேரடி பதில். கிளாஸ் மட்டும் வெச்சா ஒண்ணும் மாறாது. இந்த ஓய்ஞ்சு போறதை, அதாவது பர்ன்அவுட்னு நாம சொல்றதை, உலக சுகாதார நிறுவனம் 2019-ல தன்னோட நோய்ப் பட்டியல் புத்தகத்துல சேர்த்தப்பவே இது நோய் கிடையாது, வேலை செய்யுற இடத்துல சரியா கையாளப்படாம நாள்பட்டுப் போன அழுத்தத்தால வர்றதுன்னு தெளிவா எழுதிட்டாங்க. மூணு அடையாளம் சொல்றாங்க, ஒண்ணு உடம்பும் மனசும் வத்திப் போறது, ரெண்டாவது வேலை மேலயே ஒரு வெறுப்பு, ஒட்டாத தன்மை, மூணாவது நான் செய்யுறது எதுவும் உருப்படியா இல்லைங்கிற நினைப்பு. வார்டுல இது எப்படி தெரியும்னா, ஒரு காலத்துல "ஏம்மா சாப்பிட்டீங்களா"ன்னு பேஷண்ட் கையைப் புடிச்சுப் பேசுன பொண்ணு இப்போ "ஏழாம் நம்பருக்கு டிரிப்ஸ் முடிஞ்சுது"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போகும். அது திமிர் இல்ல, உள்ள ஒண்ணும் மிச்சம் இல்ல, அவ்வளவுதான். வேலைதான் காரணமா இருக்கும்போது அந்தப் பொண்ணை மூச்சை இழுத்து விடுன்னு சொன்னா அதுக்கு இன்னும் எரிச்சல்தான் வரும், ஏன்னா குத்தம் உன் மேலதான்னு சொல்ற மாதிரி ஆகிடும்.

இப்போ நீங்க கேட்டதோட மையத்துக்கு வர்றேன், மேல இருக்கிறவங்களால நிஜமாவே எதாவது ஆகுமா. ஆகும், அதுவும் நேரடியா மேல இருக்கிற அந்த ஒரு ஆளாலதான் அதிகம் ஆகும். அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல 2015-ல வெளியான ஒரு ஆய்வு இருக்கு, 2,800-க்கு மேல டாக்டருங்க அவங்கவங்க நேரடி மேலதிகாரிக்கு மார்க் போட்டாங்க, மொத்தம் 60 மார்க். கேள்விங்க எல்லாம் ரொம்ப சாதாரணம்: என்னை மரியாதையா நடத்துறாரா, என் கருத்தைக் கேக்குறாரா, நல்லா செஞ்சா சொல்றாரா, மாத்தம் ஏதும் வந்தா முன்னாடியே தெரியப்படுத்துறாரா, நான் வளர்றதைப் பத்தி என்கிட்ட பேசுறாரா, இந்த மாதிரி. அந்த மேலதிகாரியோட மார்க் ஒவ்வொண்ணு கூடக் கூட அவருக்குக் கீழ உள்ளவங்களுக்கு பர்ன்அவுட் இருக்கிற வாய்ப்பு 3.3 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. ஒரு பிரிவுக்கும் இன்னொரு பிரிவுக்கும் பர்ன்அவுட்ல இருந்த வித்தியாசத்துல 11 சதவீதத்தையும், வேலை திருப்தில இருந்த வித்தியாசத்துல 47 சதவீதத்தையும் அந்தத் தலைவரோட மார்க்கை வெச்சே விளக்க முடிஞ்சுது. 11-ங்கிறது கம்மியா தெரியலாம், ஆனா ஒரே ஒரு ஆளு பேசுற விதத்துக்கும் நடந்துக்குற விதத்துக்கும் இவ்வளவு எடை இருக்குன்னா அது பெரிய விஷயம்தான். மீதி எங்க இருக்குன்னா ஆள் எண்ணிக்கை, வேலை நேரம், வெட்டி எழுத்து வேலை இதுலெல்லாம் இருக்கு, அதுலயும் பாதி உங்க கையெழுத்து போற விஷயம்தான்.

ஆள் எண்ணிக்கைல ஆரம்பிக்கிறேன், ஏன்னா இதைத் தொடாம மத்ததைப் பேசுறது ஸ்டாஃபை ஏமாத்துற வேலை. 2002-ல பென்சில்வேனியாவுல 168 ஆஸ்பத்திரிகளை வெச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, ஒரு நர்ஸ் கணக்குல ஒரு பேஷண்ட் கூடினா, ஆபரேஷன் ஆனவங்க 30 நாளைக்குள்ள இறந்து போற வாய்ப்பு 7 சதவீதம் கூடுது, நர்சுக்கு பர்ன்அவுட் வர்ற வாய்ப்பு 23 சதவீதம் கூடுது. ஒரே ஒரு பேஷண்ட் கூடுனதுக்கு. கலிபோர்னியாவுல 1999-ல சட்டமே போட்டு 2004-ல அமலுக்குக் கொண்டு வந்துட்டாங்க, இத்தனை பேஷண்டுக்கு மேல ஒரு நர்சுக்குக் குடுக்கக் கூடாதுன்னு. நம்ம ஊர்ல ஜெனரல் வார்டுல ஆறு பேஷண்டுக்கு ஒரு நர்ஸ், அதாவது 1:6, ஐசியூல வென்டிலேட்டர் பேஷண்டுக்கு 1:1-னு எல்லாரும் வாயால சொல்றோம், பேப்பர்லயும் எழுதுறோம், கணக்கு உதைக்கிறது எங்கன்னா இங்கதான்: 30 பெட் வார்டுக்கு ஷிஃப்டுக்கு 5 பேர், மூணு ஷிஃப்டுக்கு 15 பேர், அதனால 15 பேரை எடுத்தா போதும்னு எச்.ஆர் நினைக்குது. வார ஆஃப் யாரு குடுப்பா, லீவு, பண்டிகை, உடம்பு சரியில்லாம போறது, பிரசவ லீவு எல்லாம் என்ன ஆகும்? வருஷத்துல 365 நாள், மூணு ஷிஃப்ட்னா 1,095 டூட்டி, ஒரு ஆளு ஆஃப் லீவு எல்லாம் போக சுமார் 280 டூட்டிதான் பாக்க முடியும். அப்போ ஒரு இடத்துல எப்பவும் ஒரு ஆளு நிக்கணும்னா கிட்டத்தட்ட 4 பேர் வேணும். அஞ்சு இடத்துக்கு 20 பேர். அந்த விட்டுப்போன அஞ்சு பேரோட வேலையைத்தான் மீதி 15 பேரும் டபுள் டூட்டியாவும் ரத்தான ஆஃபாவும் பாத்துட்டு இருக்காங்க. இந்தக் கணக்கை ஒரே ஒரு தாள்ல எழுதி உங்க எம்.டி. மேசைல வைங்க சிஸ்டர், "ஸ்டாஃபுக்கு ஸ்ட்ரெஸ்"னு வாயால சொல்றதைவிட இது ஏறும்.

கூடவே இன்னொரு கணக்கும் வைங்க. போன வருஷம் எத்தனை பேர் போனாங்க, ஒவ்வொருத்தருக்கும் பதிலா ஆள் எடுக்க எத்தனை நாள் ஆச்சு, புதுசா வந்தவங்க தனியா பேஷண்ட் பாக்குற அளவுக்கு வர எத்தனை வாரம் ஆச்சு, அந்த வாரமெல்லாம் அவங்களுக்கும் சம்பளம், சொல்லிக்குடுத்த சீனியருக்கும் நேரம். உங்க ஆஸ்பத்திரியோட சொந்த நம்பரா இருக்கட்டும், வெளிநாட்டு நம்பர் எதுவும் வேணாம். சம்பளத்தைப் பத்தியும் மேனேஜ்மென்ட்கிட்ட வாயைத் திறக்கணும், உச்ச நீதிமன்றம் 2016-ல சொன்னதை வெச்சு மத்திய அரசு போட்ட கமிட்டி, 200 பெட்டுக்கு மேல இருந்தா அந்த மாநில அரசு நர்சுக்கு சமமா, 100-க்கு மேல இருந்தா அதைவிட 10 சதவீதத்துக்கு மேல குறையாம, 50 பெட்டுக்குக் கீழ இருந்தாக்கூட 20,000-க்குக் குறையாம குடுக்கணும்னு பரிந்துரைச்சுது. உங்களுது 150 பெட், எங்க நிக்கிறீங்கன்னு நீங்களே பாத்துக்குங்க.

சரி, ஆள் உடனே வராது, அது எனக்கும் தெரியும். இருக்கிற ஆளை வெச்சு நாளைக்கே மாத்தக்கூடியது டூட்டி லிஸ்ட். நான் பாத்த வரைக்கும் ஒரு நர்சோட வாழ்க்கைல டூட்டி லிஸ்டைவிட பெரிய அதிகாரம் வேற எதுவும் இல்ல, கல்யாணம், குழந்தை ஸ்கூல் மீட்டிங், மாமியார் ஆபரேஷன் எல்லாமே அந்தத் தாளைப் பாத்துதான் நடக்குது. அதை சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டுனா அவங்க எப்படி வாழ்றது? ரெண்டு வாரம் முன்னாடியே ஒட்டுங்க. ஈவினிங் டூட்டி முடிச்சு ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்புற பொண்ணுக்கு மறுநாள் காலைல ஏழு மணி டூட்டி போடாதீங்க, வீடு போய் சாப்பிட்டுப் படுக்கவே பதினொண்ணு ஆகும், அஞ்சு மணிக்கு எந்திரிக்கணும். ஐரோப்பாவுல ரெண்டு வேலைக்கு நடுவுல 11 மணி நேரம் ஓய்வு இருக்கணும்னு சட்டமே இருக்கு. நைட் முடிச்சு காலைல எட்டு மணிக்குப் போறவங்களுக்கு அந்த நாளை ஆஃப்னு கணக்குல எழுதாதீங்க, அது ஆஃப் இல்ல, அது தூங்குற நாள். இதை நம்ம ஊர்ல எத்தனையோ ஆஸ்பத்திரில வழக்கமா பண்றாங்க, எனக்கு இதைப் பாத்தாலே கோவம் வரும்.

அப்புறம், லிஸ்டுல யாருக்கு எத்தனை நைட், எத்தனை ஞாயிறு ஆஃப், யாரு யாரு தீபாவளிக்கு வேலை பாத்தாங்கன்னு ஒரு சின்ன அட்டவணை போட்டு எல்லாரும் பாக்குற மாதிரி ஒட்டிடுங்க. வேலை அதிகம்னு அழற ஸ்டாஃபைவிட, "அவளுக்கு மட்டும் ஆஃப் கிடைக்குது, இன்சார்ஜுக்கு வேண்டப்பட்டவ"ன்னு அழற ஸ்டாஃபைத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன். வேலைப் பளுவை ஜனங்க தாங்கிக்குவாங்க, பாரபட்சத்தைத் தாங்க மாட்டாங்க. ஆஃப்ல இருக்கிறவங்களைப் போன் பண்ணி வரச் சொல்ற பழக்கத்துக்கும் ஒரு முறை வேணும், எப்பவும் மாட்டேன்னு சொல்லத் தெரியாத அந்த ஒரு பொண்ணுக்கே போன் போகும், மூணாவது மாசம் அந்தப் பொண்ணுதான் முதல்ல பேப்பர் போடும். வரிசை வெச்சு கூப்பிடுங்க, வந்தா அதுக்கு பதில் லீவை, காம்ப் ஆஃபை, அதே மாசத்துல குடுங்க.

அடுத்தது எழுத்து வேலை, இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன், ஏன்னா இதுலதான் காசு செலவில்லாம பெரிய நிம்மதி கிடைக்கும். ஹவாய் தீவுல ஹவாய் பசிஃபிக் ஹெல்த்னு ஒரு ஆஸ்பத்திரி குழுமம், 2017 அக்டோபர்ல ஸ்டாஃப் எல்லார்கிட்டயும் கேட்டாங்க, கம்ப்யூட்டர்ல நீங்க எழுதுறதுல எது அர்த்தமில்லாததுன்னு தோணுதோ அதைச் சொல்லுங்க, எடுத்துடுறோம்னு. வயசுப் பசங்களைப் பாக்குற ஒரு நர்ஸ் சொன்னாங்க, பேஷண்டைப் பரிசோதிச்சு எழுதுற இடத்துல தொப்புள் கொடி பத்தி ஒரு வரி வருது, அது பொறந்த குழந்தைக்கு உள்ளதுன்னு. இன்னொண்ணு, ஒவ்வொரு மணி நேரமும் ரவுண்ட்ஸ் போனேன்னு ஒரு டிக் அடிக்கணும். அந்த டிக்குக்கு மட்டும் நாலு ஆஸ்பத்திரிலயும் சேத்து மாசம் சுமார் 1,700 நர்சிங் மணி நேரம் போகுதுன்னு கணக்குப் போட்டுப் பாத்தாங்க, எடுத்துட்டாங்க. ரவுண்ட்ஸை நிறுத்தல, போனேன்னு எழுதுறதைத்தான் நிறுத்துனாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது என்னன்னா, வார்டுல இருக்கிறவங்க சொன்னதைக் கேட்டு மேல இருக்கிறவங்க எதையோ எடுத்துப் போட்டாங்கங்கிறது. நம்ம ஊர்ல ஒவ்வொரு ஆடிட்டுக்கும் ஒரு ரெஜிஸ்டர் புதுசா வரும், எதுவும் போகாது.

நான் ஒரு மெடிக்கல் வார்டுல மத்தியானம் ஒன்றரை மணிக்கு உக்காந்து பாத்ததைச் சொல்றேன். ஒரு ஸ்டாஃப், ஏழு பேஷண்ட். இன்டேக் அவுட்புட்டை (பேஷண்ட் குடிச்ச அளவு, வெளிய போன அளவு) கேஸ் ஷீட்டுல எழுதுது, அதையே நர்சஸ் நோட்ஸ்ல திரும்ப எழுதுது, கம்ப்யூட்டர்ல ஏத்துது, அப்புறம் அதையே போட்டோ எடுத்து டாக்டருங்க வாட்ஸ்அப் குரூப்ல போடுது. ஒரே பேஷண்டோட ஒரே யூரின் அளவு நாலு இடத்துல. இதுக்கு நடுவுல பார்மசில இருந்து மருந்து கேட்டு எழுதுன இன்டென்ட் தப்புன்னு போன், இன்சூரன்ஸ் டெஸ்க்ல இருந்து கேஸ் ஷீட் கேட்டு ஆள், நாலாம் பெட் பேஷண்ட் கூட இருக்கிற அட்டெண்டர் "டிஸ்சார்ஜ்னு காலைல சொன்னீங்க"ன்னு நிக்கிறாரு. ரெண்டு மணிக்கு அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் குடுக்கணும், அந்தப் பொண்ணு கிளம்புனது மூணேகால். அந்த வார்டு இன்சார்ஜ் ஒரு நல்ல காரியம் பண்ணாங்க, யாரையும் திட்டல, கிளாஸ் எடுக்கல. ஒரு வாரம் எல்லா ரெஜிஸ்டரையும் மேசைல அடுக்கி, ஒவ்வொண்ணையும் "இதை யாரு படிக்கிறாங்க"ன்னு கேட்டாங்க. யாருமே படிக்காததுன்னு சிலது வந்துச்சு, குவாலிட்டி ஆபீஸ்கிட்ட எழுதி வாங்கி அதையெல்லாம் மூடுனாங்க, வாட்ஸ்அப் போட்டோவை நிறுத்த யூனிட் சீஃப்கிட்ட அவங்களே போய் பேசுனாங்க, டிஸ்சார்ஜ் விஷயத்தை அட்டெண்டருக்குச் சொல்றது இனிமே ஃப்ளோர் கோஆர்டினேட்டர் வேலைன்னு பிரிச்சு விட்டாங்க. கொஞ்ச நாள்ல அந்த வார்டு ஸ்டாஃப் நேரத்துக்குக் கிளம்ப ஆரம்பிச்சாங்க. நீங்களும் இதை ஒரு வார்டுல மட்டும் செஞ்சு பாருங்க, ஆனா ஒரு நிபந்தனை, கேட்டீங்கன்னா பதினைஞ்சு நாளைக்குள்ள ரெண்டையாவது எடுத்துக் காட்டணும். கேட்டுட்டு ஒண்ணும் செய்யலன்னா கேக்காமலே இருந்திருக்கலாம்னு ஆகிடும், அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

மரியாதை பத்தி. ரவுண்ட்ஸ்ல பேஷண்ட் முன்னாடி, அட்டெண்டர் முன்னாடி ஸ்டாஃபைத் திட்டுற டாக்டரை என்.எஸ் தடுக்கலன்னா மத்த எதைச் செஞ்சும் பிரயோஜனம் இல்ல. இது வெறும் மனசு நோகுற விஷயம்னு நினைக்காதீங்க, இஸ்ரேல்ல பச்சைக் குழந்தை ஐசியூ டீம்கள் 24-ஐ வெச்சு 2015-ல ஒரு சோதனை வந்துச்சு, பாதி டீமுங்ககிட்ட வெளியில இருந்து வந்த நிபுணர் ஒருத்தர் கொஞ்சம் மட்டமா பேசுனாரு, கத்தக்கூட இல்ல, அந்த டீமுங்க நோயைக் கண்டுபிடிக்கிறதுலயும் கைவேலை செய்யுறதுலயும் தெளிவா பின்னாடி போயிட்டாங்க. அதனால சீஃப்கிட்ட போய் பேசும்போது "ஸ்டாஃப் வருத்தப்படுறாங்க"ன்னு ஆரம்பிக்காம, "சார், பேஷண்டுக்கு ஆபத்து"ன்னு ஆரம்பிங்க, தனியா, அவரு ரூம்ல. ஸ்டாஃப் மேல தப்பு இருந்தா அதை நான் பாத்துக்கிறேன், நீங்க என்கிட்ட சொல்லுங்கன்னு சொல்லுங்க. ஒரு தடவை நீங்க ஸ்டாஃபுக்காக நின்னது தெரிஞ்சா போதும், அது அன்னைக்கு நைட்டே எல்லா ஃப்ளோருக்கும் போயிடும். அட்டெண்டருங்க கைநீட்டுறதுக்கும் இதேதான், 2024 நவம்பர்ல சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரில ஒரு டாக்டரை டூட்டில இருக்கும்போதே கத்தியால குத்துனாங்க, அதுக்கப்புறம் "என் வார்டுல செக்யூரிட்டி இருக்காரா"ன்னு கேக்குற ஸ்டாஃபை பயந்தாங்கொள்ளின்னு யாரும் சொல்ல முடியாது. நைட்ல ரெண்டு ஸ்டாஃப் மட்டும் இருக்கிற ஃப்ளோருக்கு நீங்களே ஒரு தடவை ராத்திரி ரெண்டு மணிக்குப் போய் பாருங்க, பாத்ரூம் எங்க இருக்கு, வழில லைட் எரியுதா, போன் பண்ணா எத்தனை நிமிஷத்துல ஆள் வர்றாங்கன்னு.

தப்பு நடந்தா என்ன பண்றீங்கங்கிறது இன்னொரு பெரிய விஷயம். மருந்து மாறிப் போச்சு, டோஸ் கூடிப் போச்சு, உடனே மெமோ, எல்லார் முன்னாடியும் விசாரணை, இதுதான் வழக்கம். ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1990-கள்ல அமெரிக்க ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்துத் தப்புகளை எண்ணுனாங்க, நல்ல இன்சார்ஜ் இருக்கிற வார்டுல தப்பு கம்மியா இருக்கும்னுதான் எதிர்பாத்தாங்க, வந்தது தலைகீழா, அங்கதான் தப்பு அதிகமா பதிவாயிருந்துச்சு. பின்னாடி புரிஞ்சுது, அந்த வார்டுல பயமில்லாம சொல்றாங்க, மத்த வார்டுல மறைக்கிறாங்க. மறைச்சுட்டு அதை மனசுல வெச்சு மாசக்கணக்கா தூக்கமில்லாம அலையுற பொண்ணுங்களை நான் பாத்திருக்கேன், அதுவும் ஓய்ஞ்சு போறதுல ஒரு வகைதான். அதனால இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதுனவங்களுக்கு முதல்ல கேக்க வேண்டிய கேள்வி "நீ நல்லா இருக்கியா, மீதி டூட்டி பாக்க முடியுமா, வேற ஆள் போடவா"ங்கிறதுதான், என்ன நடந்துச்சுங்கிறது அதுக்கப்புறம். மெத்தனத்துக்கும் வேண்டும்னே செஞ்சதுக்கும் நடவடிக்கை எடுங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா ரெண்டு மருந்து ஒரே மாதிரி அட்டைப்பெட்டில பக்கத்து பக்கத்துல இருந்ததால வந்த தப்புக்கு மெமோ குடுத்தா, அடுத்த வாரம் வேற ஒருத்தி அதே தப்பைப் பண்ணுவா, பெட்டி அங்கயேதான இருக்கு.

டாக்டருங்க விஷயம் உங்க கைல இல்லைன்னாலும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன், ஏன்னா ஓய்ஞ்சு போன பி.ஜி.தான் (மேல்படிப்பு படிச்சுக்கிட்டே டூட்டி பாக்குற டாக்டர்) ராத்திரி மூணு மணிக்கு உங்க ஸ்டாஃப் மேல எரிஞ்சு விழறது. 1992-லயே இந்த டாக்டருங்களுக்கான மத்திய அரசோட ரெசிடென்சி திட்டத்துல வாரத்துக்கு 48 மணி நேரம்னு எழுதி வெச்சாச்சு, 2024-ல தேசிய மருத்துவ ஆணையத்தோட பணிக்குழு வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நாள் ஆஃப் வேணும்னு சொல்லுச்சு, அதே வருஷம் ஆகஸ்ட்ல கொல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரில ஒரு பெண் பயிற்சி டாக்டர் கொலை செய்யப்பட்ட சம்பவத்துக்கு அப்புறம் 36 மணி நேர டூட்டியைப் பத்தி உச்ச நீதிமன்றமே கேள்வி கேட்டுச்சு. விதிக்குப் பஞ்சமில்ல. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் ஒரு எச்.ஓ.டி (துறைத் தலைவர்) "என் காலத்துல நாங்க தூங்கவே இல்ல"ன்னு சொல்றதை நிறுத்துனாத்தான் அந்த விதி வார்டுக்குள்ள நுழையும்.

கடைசியா உங்க இன்சார்ஜ் சிஸ்டருங்க. நல்லா வேலை பாக்குற ஸ்டாஃப் நர்சைத்தான் நாம இன்சார்ஜ் ஆக்குறோம், ஆள்களை எப்படி நடத்துறது, லிஸ்ட் எப்படி போடுறது, சண்டையை எப்படி தீக்குறதுன்னு ஒரு நாள்கூட சொல்லிக்குடுக்குறது இல்ல. மேல இருந்து மேனேஜ்மென்ட், கீழ இருந்து ஸ்டாஃப், பக்கத்துல இருந்து டாக்டர், எல்லாரும் அவங்க மேலதான் விழறாங்க, பல இடத்துல அவங்களே பேஷண்டும் பாக்குறாங்க. அவங்களுக்குன்னு வாரம் ஒரு அரை நாள் பேஷண்ட் இல்லாம குடுங்க, லிஸ்டும் பேச்சுவார்த்தையும் அதுல நடக்கட்டும். மேயோல கேட்ட மாதிரி ஒரு பத்து கேள்வி, பேர் போடாம, ஸ்டாஃப்கிட்ட ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கேளுங்க, ரிசல்டை அந்தந்த இன்சார்ஜ்கிட்ட தனியா உக்காந்து பேசுங்க, எல்லார் முன்னாடியும் ரேங்க் போட்டு ஒட்டிடாதீங்க. அதே கேள்வித்தாளை உங்களுக்கும் கேக்கச் சொல்லுங்க, இன்சார்ஜுங்க உங்களுக்கு மார்க் போடட்டும்.

அப்புறம் அந்த ஞாயித்துக்கிழமை கிளாஸ். வேணாம்னு மேனேஜ்மென்ட்கிட்ட சண்டை போட வேணாம், முதல் மாசத்துலயே அந்தச் சண்டைல உங்க பலத்தைச் செலவு பண்ணாதீங்க. டூட்டி நேரத்துக்குள்ள வைங்க, அந்த நேரத்துக்கு வார்டுல மாத்து ஆள் போடுங்க, வர்றது அவங்கவங்க விருப்பம்னு சொல்லுங்க, ஆஃப்ல இருக்கிற யாரையும் கூப்பிடாதீங்க. மேயோல டாக்டருங்களை வெச்சு அப்படித்தான் பண்ணாங்க, 2014-ல அந்த ஆய்வு வெளியாச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம், சின்னக் குழுவா உக்காந்து வேலையைப் பத்திப் பேசுறதுக்கு ஆஸ்பத்திரியே வேலை நேரத்துல இருந்து நேரம் குடுத்துச்சு, அதுல பலன் தெரிஞ்சுது. அதனால கிளாஸுக்கு வர்ற ஆளை பவர்பாயின்ட்டை மூடச் சொல்லிட்டு, அந்த ஒரு மணி நேரம் உங்க ஸ்டாஃபைப் பேச விடுங்க, எந்த ரெஜிஸ்டரை முதல்ல எடுக்கணும்னு அங்கயே தெரிஞ்சிடும்.